'தி அசாசின்': அழகான படம், ஆனால் ஏன் இவ்வளவு மெதுவாக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் இயக்குநர் ஹோ சியாவ்-சியென் இயக்கிய 'தி அசாசின்' 2015இல் வந்தது. அந்த ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய ஆண்டிறுதி வாக்கெடுப்பில் முதலிடமும் இதற்குத்தான். அதே படத்தைப் பார்த்துவிட்டு, "பாதியில் தூங்கிவிட்டேன்", "யார் யாரைக் கொல்லப் போகிறார்கள் என்றே தெரியவில்லை" என்று சொன்னவர்களும் ஏராளம். வாள்சண்டைப் படங்களில் இந்த அளவுக்கு ரசிகர்களை இரண்டாகப் பிரித்த படம் அண்மையில் இன்னொன்று இல்லை.

இந்தப் படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் என்னிடம் திரும்பி வரும் கேள்விகள் இவை. கதை முழுவதையும் கீழே சொல்லியிருக்கிறேன். இந்தப் படத்துக்குக் கதை தெரிந்துகொண்டு போவதால் கெடுதல் ஒன்றுமில்லை, நன்மைதான்.

கதைதான் என்ன? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இரண்டு வரியில் முடியாது, முயல்கிறேன். காலம் 9ஆம் நூற்றாண்டு, தாங் வம்ச ஆட்சி. 755 முதல் 763 வரை நடந்த ஆன் லூஷான் கலகத்துக்குப் பிறகு பேரரசின் பிடி தளர்ந்துவிட்டது. வடக்கே உள்ள ராணுவ மாகாணங்கள் தனி அரசுகள் மாதிரி நடக்கின்றன. அவற்றில் வலுவானது வெய்போ. அதன் ஆளுநர் தியன் ஜி-ஆன்.

நாயகி நியே யின்னியாங் அவனுடைய உறவுக்காரப் பெண். சிறு வயதில் இருவருக்கும் திருமணம் செய்வதாகப் பேச்சு இருந்தது. பிறகு அரசியல் கணக்குக்காக ஜி-ஆனுக்கு வேறொரு பலமான குடும்பத்தில், யுவான் குடும்பத்தில், பெண் எடுத்துவிட்டார்கள். யின்னியாங்கைப் பத்து வயதில் ஒரு துறவியிடம் அனுப்பிவிடுகிறார்கள். துறவி அவளைக் கொலைகாரியாக வளர்க்கிறாள். ஒருமுறை கொல்ல வேண்டிய அதிகாரி தன் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து யின்னியாங் கை வைக்காமல் திரும்பிவிடுகிறாள். மனம் இன்னும் கெட்டிப்படவில்லை என்று முடிவு கட்டும் துறவி, அதற்குத் தண்டனையாக அவளை வெய்போவுக்கே அனுப்புகிறாள், ஜி-ஆனைக் கொல்ல. கொல்வாளா மாட்டாளா என்பதுதான் படம்.

மூலம் பெய் ஷிங் என்ற தாங் கால எழுத்தாளரின் சிறுகதை. அதில் யின்னியாங் ஒரு பூச்சியாக மாறி ஒரு மனிதரின் வயிற்றுக்குள் புகுந்து அவரைக் காப்பாற்றுகிற மாதிரியான அற்புதங்கள் எல்லாம் உண்டு. ஹோ அவற்றில் பெரும்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, வாளைத் தூக்கத் தயங்கும் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வாள்சண்டைப் படம் என்கிறீர்கள். சண்டை எங்கே?

இருக்கிறது, ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் வரும் தொடக்கப் பகுதியின் முதல் ஷாட்டில் இரண்டு கழுதைகள் நிற்கின்றன. அடுத்து மரங்களுக்கு அடியில் துறவியும் யின்னியாங்கும். குதிரையில் ஒருவன் வருகிறான், யாரைக் கொல்ல வேண்டும் என்று துறவி சொல்கிறாள். மேலே மரக்கிளைகள் காற்றில் அசைகின்றன. யின்னியாங் பாய்கிறாள், ஒரே வீச்சு, அவன் சாய்கிறான். இசை அதிர்வு, ஸ்லோ மோஷன், மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவது, எதுவும் கிடையாது.

படம் முழுக்க இதே முறைதான். கயிறு கட்டிப் பறக்கவிடும் சண்டைகள் தனக்கு ஒத்துவராது, மனிதர்களுக்குப் புவியீர்ப்பு உண்டு என்பதுதான் ஹோவின் நிலைப்பாடு. அதனால் இங்கே யாரும் மூங்கில் உச்சியில் நின்று பேசுவதில்லை. சண்டை போடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது.

வெள்ளைத் தண்டு மரங்கள் நிறைந்த காட்டில் யின்னியாங்கும் முகமூடி அணிந்த ஒரு பெண்ணும் மோதும் காட்சியைக் கவனியுங்கள். கேமரா தள்ளி நிற்கிறது, மரங்களுக்கு இடையில் இரண்டு உருவங்கள் மறைந்து மறைந்து தெரிகின்றன. சட்டென்று சண்டை நின்றுவிடுகிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்து போகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்று நாம் குழம்பும்போது, தரையில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் முகமூடியைக் காட்டுகிறார். முடிவு அதுதான். இந்தக் காட்சியில் ஏமாந்தவர்கள் பலர், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கோ, உயிரை விட்டுவைத்து முகமூடியை மட்டும் வெட்டிய அந்தக் கை எவ்வளவு தேர்ந்த கை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, ஆனால் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?

இந்தப் படத்தின் வேகம் யின்னியாங்கின் வேகம். கொலைகாரியின் வேலையில் வாள் வீசும் நேரம் ஒரு நொடி. மீதி நேரமெல்லாம் ஒளிந்திருப்பது, காத்திருப்பது, உற்றுக் கேட்பது. வழக்கமான படம் அந்த ஒரு நொடியை நீட்டி, மீதியை வெட்டி எறிந்துவிடும். ஹோ அந்த நொடியைச் சுருக்கிவிட்டு, மீதியை வைத்திருக்கிறார்.

அதற்கு ஒரு காட்சி போதும். இரவு. ஜி-ஆன் தன் ஆசைநாயகி ஹூஜியின் அறையில் இருக்கிறான். மெழுகுவர்த்தி வெளிச்சம். கேமராவுக்கும் அவர்களுக்கும் நடுவே மெல்லிய பட்டுத்திரைகள். காற்றில் திரை விலகும்போது அவர்கள் முகம் தெளிவாகத் தெரிகிறது, மறுபடி திரை வந்து மூடும்போது எல்லாம் மங்கலாகிறது. ஜி-ஆன் பழைய கதையைச் சொல்கிறான்: யின்னியாங்குக்கும் தனக்கும் பேசியிருந்த திருமணம், அது முறிந்தது, இருவருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்ட பச்சைமணிக் கல். நாம் ஏதோ அழகுக்காகத் திரை வழியாகப் படம்பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறகுதான் அதே திரைகளுக்குப் பின்னால் யின்னியாங் நிற்பது தெரிகிறது. இவ்வளவு நேரமும் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னைக் கைவிட்டவன், தன்னைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் இரக்கத்தோடு பேசுவதை.

இந்தக் காட்சியை ஒரு நிமிடத்தில் முடித்திருந்தால் செய்தி வந்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து நாமும் மறைந்து நின்றிருக்க மாட்டோம். அந்தக் கல்லை அவள் அங்கே விட்டுவிட்டுப் போகிறாள். கொல்வதற்கு முன் தன்னை யாரென்று அறிந்துகொள்ளட்டும் என்றுதான் வைத்திருக்கிறாள் என்று ஜி-ஆன் புரிந்துகொள்கிறான். வாளால் நடக்கும் எந்தச் சண்டையையும்விட எனக்கு இதுதான் இந்தப் படத்தின் பெரிய மோதல்.

அப்படியென்றால் அந்த அழகெல்லாம் எதற்கு?

ஒளிப்பதிவாளர் லீ பிங்-பின் ஹோவோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். படம் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. சட்டகம் இன்றைய அகலத்திரை இல்லை, பழைய படங்களைப் போல ஏறக்குறையச் சதுரம். வாள்சண்டைப் படத்துக்கு எல்லோரும் திரையை அகலமாக்கும்போது இவர் குறுக்கினார். அதனால் மலை உயரமாகத் தெரிகிறது, அறைக்குள் தூணும் திரையும் மனிதர்களை நெருக்குகின்றன. நடுவில், வெய்போவுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட இளவரசி ஜியாசெங் யாழ் போன்ற சின் என்னும் கருவியை மீட்டும் ஒரே ஒரு காட்சியில் மட்டும் சட்டகம் அகலமாகிறது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

வெளிப்புறக் காட்சிகள் சீனாவின் ஹூபெய் மாகாணத்திலும் உள்மங்கோலியாவிலும் எடுக்கப்பட்டன. சில காட்சிகள் ஜப்பானின் பழைய கோயில்களில். தாங் கால மரக்கட்டடக் கலையின் சாயல் சீனாவைவிட ஜப்பானில் அதிகம் பிழைத்திருக்கிறது என்பதால் இந்தத் தேர்வில் பொருள் உண்டு.

இறுதியில் மலை உச்சியில் துறவி நிற்க, யின்னியாங் கீழிருந்து ஏறி வந்து, ஜி-ஆனைக் கொல்லப்போவதில்லை என்று சொல்லும் காட்சி இருக்கிறது. அவர்கள் பேசப்பேசப் பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி வருகிறது. ஒரே ஷாட். பேச்சு முடிவதற்குள் பின்னாலிருந்த மலைகள் காணாமல் போகின்றன. வெட்டி வெட்டி எடுத்திருந்தால் அந்தப் பனி வெறும் பின்னணி. ஷாட் நீண்டதால்தான் அது வந்து மூடுவதை நாம் பார்க்கிறோம். அழகும் மெதுவும் இங்கே ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. "அழகாக இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இதுதான்.

எனக்குப் புரியவே இல்லை. தவறு என் மேலா, படத்தின் மேலா?

பாதிக்கு மேல் படத்தின் மேல்தான். துறவியும் இளவரசி ஜியாசெங்கும் இரட்டைச் சகோதரிகள், இரண்டு பாத்திரத்திலும் நடித்திருப்பவர் ஒருவரே, ஷூ ஃபாங்-யி என்ற நடனக் கலைஞர். இதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முகமூடிப் பெண் யார் என்பதை நேராகச் சொல்வதே இல்லை. அவள் ஜி-ஆனின் மனைவிதான், இரண்டு பாத்திரத்துக்கும் நடிகை ஒருவரே என்பதை நாம் குறிப்புகளிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். யார் எந்தக் குடும்பம், யார் யாருடைய வளர்ப்பு மகன் என்பதெல்லாம் வேகமாக ஓடும் பெயர்ப் பட்டியலாக வருகிறது. சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். காட்சிகளில் இவ்வளவு பொறுமை காட்டும் படம் தகவல்களைத் தருவதில் அவசரப்படுவது ஒரு குறைதான், அதை நான் பூசி மெழுக மாட்டேன்.

சீன மொழி தெரிந்தவர்களுக்காவது எளிதாக இருந்ததா?

இல்லை. வசனங்கள் பழைய இலக்கியச் சீனத்தை ஒட்டிய செறிவான நடையில் எழுதப்பட்டவை. இன்றைய சீனர்களுக்கே காதில் விழுந்த மாத்திரத்தில் பிடிபடாத நடை அது. 2015 ஆகஸ்டில் சீனத் திரையரங்குகளில் படம் வெளியானபோது அங்கேயும் "புரியவில்லை" என்ற குரல் பலமாகவே எழுந்தது. கான் விருது, ஷூ சி, சாங் சென் போன்ற பெரிய நட்சத்திரங்கள், வாள்சண்டை என்றெல்லாம் கேட்டு வந்தவர்கள் வேறொன்றை எதிர்பார்த்திருந்தார்கள்.

வரலாறு தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் ருசி உண்டு. படத்தில் தியன் ஷிங் என்ற அதிகாரியை நாடு கடத்துவதுபோல் அனுப்பி வழியில் கொல்லப் பார்க்கிறார்கள், யின்னியாங் வந்து மீட்கிறாள். உண்மை வரலாற்றில் 812இல் ஜி-ஆன் இறந்தபின், அவனுடைய சிறுவயது மகனை ஒதுக்கிவிட்டுப் படைவீரர்கள் தலைவராக்கியது இந்தத் தியன் ஷிங்கைத்தான். அவர் வெய்போவைப் பேரரசரிடமே திரும்ப ஒப்படைத்தார். "ஜி-ஆனைக் கொன்றால் மகன் சிறுவன், வெய்போ கலவரத்தில் மூழ்கும்" என்று மலை உச்சியில் யின்னியாங் சொல்வது வெறும் காதல் நினைவால் வந்த இளக்கம் இல்லை என்பது இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது விளங்கும்.

ஜாக்கி சான் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்குமா?

தமிழில் டப்பிங் செய்து வந்த ஹாங்காங் படங்கள்தான் நம்மில் பலருக்குக் குங்ஃபூவை அறிமுகம் செய்தன. எனக்கும் அப்படித்தான், இன்றும் அவற்றை விரும்பிப் பார்க்கிறேன். அங்கே உடலின் திறமைதான் காட்சி. ஏணியை, நாற்காலியை, கையில் கிடைத்ததை வைத்து ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்கிறான் என்று பார்த்து மகிழ்கிறோம். வாள்வீரர் கதைகள் சீனத்தில் அதைவிடப் பழைய வேறு மரபு. வாளை எப்போது எடுப்பது, யாருக்காக எடுப்பது என்ற அறச்சிக்கல் அதன் மையம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு "குங்ஃபூ படம்" என்று பெயர் ஒட்டியதில்தான் பாதி ஏமாற்றம் தொடங்குகிறது.

இப்படி மெதுவாக எடுப்பது ஹோ தொடங்கி வைத்ததா?

இல்லவே இல்லை. கிங் ஹூ என்ற மேதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பெய்ஜிங்கில் பிறந்து, ஹாங்காங்கிலும் தைவானிலும் படமெடுத்தவர். அவருடைய 'எ டச் ஆஃப் ஜென்' 1970களின் தொடக்கத்தில் வந்தது. நீளம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிதிலமடைந்த ஒரு கோட்டைக்குப் பக்கத்தில் அம்மாவோடு வாழும் ஓர் ஏழை ஓவியன், அங்கே இரவில் தெரியும் வெளிச்சம், பேய் பயம் என்று படம் நிதானமாகப் போகிறது. முதல் பெரிய சண்டைக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தைவானில் வெளியானபோது வசூலில் தோல்வி. 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசு கிடைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் கிங் ஹூவின் மெதுவும் ஹோவின் மெதுவும் வேறு வேறு. கிங் ஹூ கதையை நிதானமாக நகர்த்திவிட்டு, சண்டை வந்ததும் மின்னல் மாதிரி வெட்டுவார். அந்தப் படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையில் சில ஷாட்கள் ஒரு சில ஃபிரேம்கள்தான். நாயகி மூங்கில் மேல் ஏறி, அங்கிருந்து தலைகீழாகப் பாய்ந்து இறங்குவதை நாம் முழுதாகப் பார்ப்பதில்லை. ஏறினாள், பாய்கிறாள், நீர் தெறித்தது என்று துண்டு துண்டாகப் பார்க்கிறோம், மனம் கோர்த்துக்கொள்கிறது. பார்க்க முடியாத அளவுக்கு வேகமானவள் என்று நம்ப வைக்கும் உத்தி அது. அந்த நாயகி ஷூ ஃபெங் பின்னாளில் தயாரிப்பாளராகி, 1993இல் கானின் தங்கப் பனை விருது பெற்ற படத்தைத் தயாரித்தார். 'தி அசாசின்' கானுக்குப் போன அதே 2015இல், புதுப்பிக்கப்பட்ட 'எ டச் ஆஃப் ஜென்' அங்கே திரையிடப்பட்டது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' மட்டும் எப்படி உலகமெங்கும் ஓடியது? அதுவும் நிதானமான படம்தானே?

ஆங் லீயின் அந்த 2000ஆம் ஆண்டுப் படம் பார்வையாளரோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு வாள் திருடுபோகிறது, கூரைகள் மேல் துரத்தல். இனி காத்திருந்தால் கூலி உண்டு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. யூன் வூ-பிங்கின் சண்டை அமைப்பு அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. காதல் கதையும் தெளிவாக இருக்கிறது. நான்கு ஆஸ்கர், அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனால் ஹாங்காங்கில் அந்த அளவு கொண்டாட்டம் இல்லை. முதன்மை நடிகர்களின் மாண்டரின் உச்சரிப்பே சீன மொழி பேசுகிறவர்கள் பலருக்கு உறுத்தியது. ஒரு படத்துக்கு ஒரே பார்வையாளர் கூட்டம்தான் உண்டு என்று நினைக்க முடியாது.

ஹோ அந்த ஒப்பந்தத்தைப் போடவே இல்லை. கூலி தருவதாக எங்கேயும் சொல்லவில்லை.

விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது பாசாங்கு என்கிறார்களே?

அப்படிச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. விமர்சகர் ஓராண்டில் நூற்றுக்கணக்கான படம் பார்க்கிறார், ஒரே மாதிரி வெட்டப்பட்ட சண்டைகளால் சலித்துப்போனவர். வேறு மாதிரி ஒன்று வந்தால் அவருக்கு உண்மையாகவே மனம் குளிரும். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒரு படத்துக்குப் போகிறவரின் களைப்பும் அதே அளவு உண்மை. படம் பிடித்தவரை வேஷம் போடுகிறவர் என்பதும், பிடிக்காதவரை ரசனை கெட்டவர் என்பதும் படத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

அழகை மட்டும் நம்பி ஏமாற்றும் மெதுவான படங்களும் உண்டுதானே?

நிறைய உண்டு. நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: ஷாட் நீளும்போது அதற்குள் ஏதாவது மாறுகிறதா? திரை விலகுகிறது, பனி ஏறுகிறது, ஒரு முகத்தில் முடிவு மாறுகிறது என்றால் அந்த நேரம் வீணில்லை. பத்து நொடிக்கு முன் பார்த்த அதே நிலா, அதே பறக்கும் அங்கி, மேலே உருக்கமான இசை என்றால் அது நாட்காட்டிப் படம். 'தி அசாசின்' படத்திலும் அப்படிச் சில இயற்கைக் காட்சிகள் இருக்கின்றன. அவற்றை வெட்டியிருந்தால் எனக்குக் குறை தோன்றியிருக்காது.

கண்ணாடியும் பறவையும் பற்றிய கதை எதற்காக வருகிறது?

ஓர் அரசனிடம் அரிய பறவை ஒன்று இருந்தது, மூன்று ஆண்டாகப் பாடவில்லை. தன் இனத்தைப் பார்த்தால்தான் பாடும் என்று அரசி சொல்ல, முன்னால் கண்ணாடி வைத்தார்கள். பறவை தன்னையே பார்த்துச் சோகமாகப் பாடி, ஆடி, செத்துப்போனது. இளவரசி ஜியாசெங் சொன்ன கதை இது. சொந்த மண்ணைவிட்டு, சமாதானத்துக்காக வெய்போவுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டவள் அவள். யின்னியாங்கும் அதே மாதிரி இனமற்றுப் போன பறவை. அவளுக்கு உதவி செய்து, கடைசியில் அவளோடு பயணப்படும் இளைஞன் கண்ணாடி மெருகேற்றும் தொழிலாளி என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். பெய் ஷிங்கின் கதையிலேயே அவள் மணந்துகொள்வது கண்ணாடித் தொழிலாளியைத்தான்.

எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும்?

கைபேசியில் வேண்டாம். திரைகளுக்குப் பின்னால் நிற்கும் உருவம் அதில் தெரியவே தெரியாது. பெரிய திரையில் வாய்ப்பு இல்லையென்றால், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பாருங்கள். இரவுக் காட்சிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருப்பதால் டிவியின் பளிச்சிடும் 'விவிட்' அமைப்பை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஒலி முக்கியம். பூச்சிகளின் சத்தம், தூரத்து முரசு, திரை உரசும் ஓசை ஆகியவை பல காட்சிகளில் இசையின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன, ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். களைப்பாக இருக்கும் இரவில் தொடங்காதீர்கள். ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படம், ஒரே அமர்வில் பார்க்க முடியும்.

இந்த வகைக்கே புதியவர் என்றால் முதலில் கிங் ஹூவின் 1967ஆம் ஆண்டுப் படமான 'டிராகன் இன்' பாருங்கள். விடுதி ஒன்றில் எதிரிகள் கூடுகிறார்கள், கதை தெளிவு, வேகமும் உண்டு. அடுத்து 'எ டச் ஆஃப் ஜென்'. அதில் ஓவியனோடு அந்த முதல் ஒரு மணி நேரம் உங்களால் சந்தோஷமாக இருக்க முடிந்தால், 'தி அசாசின்' படத்துக்கு நீங்கள் தயார்.